கிள்ளாமல் விட்ட தண்டு

எனக்குத் தெரிந்த பூ ஒன்றே ஒன்றுதான். பதுளை டவுனில் நான் வேலை செய்யும் அச்சகத்தின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரோஜா. கல்யாணப் பத்திரிகை என்றால் அதைச் சிவப்பாகப் போடுவேன். கண்ணீர் அஞ்சலி என்றால் அதையே கறுப்பு வெள்ளையாக்கி மூலையில் வைப்பேன். இத்தனை வருஷத்தில் அந்த ரோஜா வாடியதும் இல்லை, அதற்கு நான் தண்ணீர் ஊற்றியதும் இல்லை. அப்படிப்பட்ட ஆள், ஐம்பதைத் தொடப்போகிற வயதில், வெயிலே படாத ஒரு மூலையில், என்னைவிட உயரமாக வளரும் பூச்செடி ஒன்றை வளர்க்கக் கிளம்பினேன் என்றால், அதற்குக் காரணம் என் மனைவியின் மூக்கு.

எங்கள் வீடு நமுனுகுல மலையின் அடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளை விட்டு, தனித்தனியாகக் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளுக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. காலையில் நான் பஸ் பிடித்து டவுனுக்குப் போவேன், அவள் மலைக்குப் போவாள். மலைக்குப் போவது என்றால் எங்கள் பேச்சில் கொழுந்து பறிக்கப் போவது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பறிக்கிறாள். நான் அவளைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட, பேசிக்கொண்டே வாசலில் இருந்த குரோட்டன் செடியின் நுனியை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூக்கைப் பற்றிச் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டு வரிசையில் அந்த மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், லுணுகலையில் கருவாடு வாங்கி வந்தால் சட்டியில் போடுவதற்கு முன் எங்கள் வாசலுக்குத்தான் கொண்டுவருவாள். என் மனைவி அதைக் கையில்கூட வாங்க மாட்டாள். நின்ற இடத்திலிருந்தே, "இத நாய்க்குப் போட்டுருங்க தங்கச்சி" என்பாள், அல்லது "ம், கழுவுங்க" என்பாள். யார் வீட்டில் கேஸ் கசிகிறது, யார் வீட்டுப் பால் திரியப்போகிறது, மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

எனக்கு அந்த மூக்கு பொலிஸ். பஸ் ஸ்டாண்டில் ரோல்ஸ் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்து, முகம் கழுவி, சட்டையை உதறிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே பிடிபடுவேன். ஒரு முறை அச்சகத்தில் ஒருவரின் பிரியாவிடைக்குக் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, புத்திசாலித்தனமாக ஏலக்காய் மென்றுகொண்டு வந்தேன்.

"ஏலக்காய் வாசம் வருது. எவ்வளவு குடிச்சீங்க?" என்றாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் காலம் வந்தது. உலகத்துக்கே வந்தது, எங்கள் வீட்டை மட்டும் விடுமா? எனக்கு இருமலோடு போனது. அவளுக்குக் காய்ச்சல் போனது, உடம்பு வலி போனது, கூடவே வாசமும் போய்விட்டது. எல்லோருக்கும் சில வாரங்களில் திரும்பி வந்தது என்றார்கள். அவளுக்கு மாதங்கள் போயும் வரவில்லை.

ஆரம்பத்தில் நான் அதில் லாபம் பார்த்த ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தைரியமாக ரோல்ஸ் தின்றேன். ஒரு வாரம் தின்ற பிறகுதான், கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் தின்கிற ரோல்ஸுக்கு ருசியே இல்லை என்று தெரிந்தது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் புகை நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு முன்னால் ஓடிவந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! சோறு அடிப்பிடிச்சு எங்க வீடு வரைக்கும் நாறுது. நீங்க என்னா பண்றீங்க?"

என் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். முதுகு அடுப்பின் பக்கம். தலையைத் திருப்பி, புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பானையை இறக்கி வெளியே கொண்டுபோய்ச் சாம்பலும் தேங்காய்த் தும்புமாக இருட்டும்வரை தேய்த்தாள். பானை எப்போதோ வெளுத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுப் பேச்சு வந்தது. "ஏங்க, அடிப்பிடிக்குதா பாருங்க." உலை வைத்தால் கேட்பாள். பருப்பு வேகும்போது கேட்பாள். அடுப்பே மூட்டாத நேரத்தில், படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்பாள். நான் எழுந்து போய் மூச்சை இழுத்துப் பார்த்து, "ஒன்னுமில்ல புள்ள" என்பேன். சின்ன வயதிலிருந்து சளி பிடித்து, பிறகு அச்சகத்து மையிலும் தின்னரிலும் ஊறிய மூக்கு என்னுடையது. ஒரு வீட்டின் பாதுகாப்பை அதனிடம் ஒப்படைத்திருந்தோம்.

மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தினமும் சாயங்காலம் எங்களுக்குப் போன் எடுப்பான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சிச்சாம்மா?"

"இல்லப்பா. நீ சாப்பிட்டியா?"

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பொறுமையாகப் பேசுகிற இளம் பெண். "நரம்பு மெதுவாத்தான் சரியாகும். அவங்களுக்கு நல்லாப் பழகின வாசம் எதையாவது ஒவ்வொரு நாளும் மோந்து பாக்கச் சொல்லுங்க. வரலாம். வராமலும் போகலாம். வரும்போது கோணலாக்கூட வரும். நல்ல வாசம் கருகின மாதிரி, கெட்டுப்போன மாதிரி தெரியும். பயப்படக் கூடாது" என்றார்.

நான் வீட்டில் ஒரு ஆய்வுகூடமே திறந்துவிட்டேன். ஜாம் போத்தல்களில் கராம்பு, கோப்பித் தூள், எலுமிச்சைத் தோல், கற்பூரம். அவளைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகில் நீட்டுவேன்.

"இது என்னா?"

"போத்தல்."

"இது?"

"இன்னொரு போத்தல்."

சில நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. அதைவிட, ஒவ்வொரு போத்தலுக்குப் பிறகும் நான் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாள் போத்தல்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளாகவே பேசினாள்.

"மலைக்குப் போற பாதையில, ஓடை திரும்புற எடத்துல வெள்ளையா ஒரு பூ இருக்கும்ல?"

"இஞ்சிப் பூவா?"

"அதான். காலையில பனி மூட்டத்துல முன்னால போறவங்க முதுகுகூட தெரியாது. அந்தப் பூவை நான் ஒரு நாளும் நின்னு பாத்ததில்ல. வாசம் வந்தா வளைவு வந்துருச்சின்னு தெரியும். இப்ப வளைவு வந்ததே தெரியல. நேத்து நேரா ஓடைக்குள்ள காலை வச்சிட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் அது நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஓடைக்குப் போனேன். இஞ்சிப் பூ என்று நாங்கள் சொல்வது நிஜ இஞ்சி இல்லை. ஆனால் அதே சாதி. இலையும் தண்டும் இஞ்சியைப் பார்த்து எழுதிய மாதிரி, நாலைந்து மடங்கு உயரமாக இருக்கும். மண்ணுக்கு அடியில் கிழங்கு. நுனியில் ஒரு பச்சைக் கதிர், அதிலிருந்து வெள்ளை வெளேரென்று வண்ணத்துப்பூச்சி மாதிரி பூக்கள். யாரும் வளர்க்காமலே ஓடையோரம் எல்லாம் நிற்கும். யாரும் வளர்க்காமல் வளர்வதைப் பிடுங்க என்ன கஷ்டம் என்று நினைத்துப் போனேன். கிழங்குகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு தொழிற்சங்கம் மாதிரி இருந்தன. ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வராமல் நிற்கும். கடைசியில் ஒரு துண்டு திடீரென்று கையோடு வந்தது. நானும் அதுவும் சேர்ந்து ஓடைக்குள் விழுந்தோம்.

கால்சட்டைக்குள் அட்டைகளும், தோளில் கிழங்குச் சாக்குமாகத் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னா அண்ணே, ஓடையில விழுந்துட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி, ஓடைதான் என்மேல விழுந்துச்சு."

"சாக்குல என்னா, இஞ்சியா? நல்லா இருக்கும், ரசம் வைங்க" என்றாள்.

நடுவதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வீட்டின் பின்சுவருக்கும் மலையை வெட்டிய மண் திட்டுக்கும் இடையில் ஒரு சந்து மாதிரியான நிலம். பாய் விரித்தால் இரண்டு பேர் படுக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் சண்டை வரும். மேலே திட்டின் விளிம்பில் ஒரு பெரிய பலா மரம். உச்சி வேளையில் ஒரு கீற்று வெயில் வந்து, யாரையோ தேடி வந்த மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அங்கே மிளகாய் போட்டோம், வெளிறிப் போனது. போஞ்சி போட்டோம், வெயிலைத் தேடிக் கூரையில் ஏறி அங்கேயே உயிரை விட்டது. நன்றாக வளர்ந்தது என் பழைய செருப்பில் பிடித்த பூஞ்சணம் மட்டும்தான். ஆனால் இஞ்சிப் பூவுக்கு அது மாளிகை. நிழல், ஈரம், உக்கிப்போன பலா இலை, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வேறு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது.

நான் மரவள்ளி நடுகிற மாதிரி ஆழமாகக் குழி தோண்டிக் கிழங்கைப் புதைத்து, மேலே ஏறி மிதித்தும் விட்டேன். அவள் வந்து பார்த்தாள்.

"என்னாங்க இது, அடக்கம் பண்ணிட்டீங்க?"

தோண்டி எடுத்து, மேல் மண்ணிலேயே படுக்க வைத்து, முதுகு கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி மண்ணை அணைத்தாள். பலா இலையை அள்ளி மேலே போட்டாள். எனக்கு அதைப் பார்க்க, குளிரில் யாருக்கோ போர்த்திவிடுகிற மாதிரி இருந்தது.

முதல் மழைக்கு முளை வந்தது. இளஞ்சிவப்பு மூக்கோடு கூர்மையாக. அந்த வருஷம் இடுப்பு உயரத்துக்குமேல் போகவில்லை, பூக்கவும் இல்லை. மறு வருஷம்தான் அதற்கு ரோஷம் வந்தது. ஒவ்வொரு தண்டாகக் கிளம்பி, என் நெஞ்சுக்கு வந்தது, தோளுக்கு வந்தது. நான் குள்ளம் என்பதால் பெருமைப்பட ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தண்டு என் தலையைத் தாண்டிய நாளில் பக்கத்தில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். "செடி எது அப்பா?" என்று கேட்டு அனுப்பினான்.

ஆனால் பூ வரவில்லை. நுனியில் இலை சுருண்டு, இதோ கதிர் வரப்போகிறது என்று இருக்கும். மறுநாள் பார்த்தால் நுனி இருக்காது. சுத்தமாக, நகத்தால் எடுத்த மாதிரி போயிருக்கும். நுனி போன தண்டு அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாது. கிளை விடாது, பக்கத்தில் துளிர்க்காது. அப்படியே நின்றுகொண்டிருக்கும், ஓய்வு பெற்ற அதிகாரி மாதிரி.

நான் விசாரணையைத் தொடங்கினேன். முதலில் நத்தை என்று முடிவு செய்து அடியில் சாம்பல் போட்டேன். நுனி போனது. குரங்கு என்று முடிவு செய்து, அச்சகத்திலிருந்து பழைய சீடிகளைக் கொண்டுவந்து கயிற்றில் தொங்கவிட்டேன். வெயில் வராத இடத்தில் சீடி மின்னாது என்பது தொங்கவிட்ட பிறகுதான் உறைத்தது. நுனி போனது. பக்கத்து வீட்டு ஆட்டைச் சந்தேகப்பட்டேன்.

"அண்ணே, ஆடு என்னா ஏணி வச்சா ஏறும்? உங்க உசரத்துக்கு மேல இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

மனிதக் கையாக இருக்கலாம் என்று கடைசியில் தோன்றி, அச்சகத்தில் ஓய்வு நேரத்தில் ஓர் அறிவிப்பு அடித்தேன். 'தயவுசெய்து செடியைத் தொடாதீர்கள்' என்று பெரிய எழுத்தில். கை பழக்கத்தில் மூலையில் ரோஜாவும் வைத்துவிட்டேன். கறுப்பு வெள்ளையில். பலா மரத்தில் ஒட்டியிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த ஒருவர், வீட்டில் யார் தவறியது என்று விசாரிக்க வந்துவிட்டார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அறிவிப்பையும் கிழித்தாள். அன்றைக்கும் நுனி போனது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் மலையிலிருந்து வந்து, கூடையை வாசலில் வைத்துவிட்டு, கை கால் கழுவப் பின்பக்கமாக வந்தாள். இஞ்சிப் பூச்செடியைக் கடக்கும்போது, நடையை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், அவளுடைய கை மட்டும் தனியாக மேலே போனது. தலைக்கு மேலே நின்ற ஒரு தண்டை வளைத்து, கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து, டக். நுனி கையில். தண்டு திரும்ப நிமிர்ந்தது.

"அடிப்பாவி, நீயா!"

அவள் திடுக்கிட்டு நின்றாள். பிறகு தன் கையையே பார்த்தாள். கையில் நுனி இருந்தது. கையில் பையோடு பிடிபட்ட திருடன்கூட அவ்வளவு ஆச்சரியப்பட மாட்டான்.

"கை தானாப் போயிருச்சுங்க" என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தேயிலை என்பது விட்டால் மரமாக வளர்கிற சாமான். அதை இடுப்பு உயரத்தில் மட்டமாக வைத்திருப்பதுதான் எங்கள் மனிதர்களின் ஆயுள் கால வேலை. மட்டத்துக்கு மேலே எது நின்றாலும் கை எடுத்துவிடும். கண் பார்ப்பதற்கு முன் விரல் வேலையை முடித்துவிடும். அப்படிப் பழகிய கை ஒன்றுக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு, பசுமையான நுனியோடு ஒரு செடியை வளர்த்துக்கொண்டு பூவுக்காகக் காத்திருந்தவன் நான்தான். குரோட்டன் செடி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது வெட்கம் இல்லை என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன், அச்சகத்தில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சொன்னேன். மகனுக்குப் போனில் நடித்தே காட்டினேன். ஒரு காலுறையை எடுத்து, பின்பக்கம் போகும்போது கையில் மாட்டிக்கொள் என்று அவளிடம் கொடுத்தேன். அவளும் சிரித்தாள். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

மறு வாரமும் நுனி போனது.

இந்த முறை நான் சத்தம் போடவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கி நின்று பார்த்தேன். அவள் வந்தாள். செடிக்கு முன்னால் நின்றாள். நன்றாகப் பார்த்து, ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து, நுனியைக் கிள்ளினாள். அதை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். இரண்டு கையையும் குவித்து மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். தோள் மெல்ல மேலே ஏறி இறங்கியது. திரும்பவும் ஏறி இறங்கியது.

நான் வெளியே போனேன். என்னைக் கண்டதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கை போயிருச்சு" என்றாள்.

"கை போகல. நீ போன."

திட்டின் அடியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"முதல்ல பழக்கத்துலதாங்க கிள்ளியிருக்கேன். சத்தியமா தெரியாது. ஒரு நாளு மொகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனேன். ஏதோ வந்துச்சு."

"என்னா வந்துச்சு?"

"இஞ்சி மாதிரி. இஞ்சின்னுகூட சொல்ல முடியாது. யாரோ அடுத்த வீட்டுல இஞ்சி தட்டுற மாதிரி. ஒரு நொடிதான். அப்புறம் இல்ல. மறுநாள் கிள்ளிப் பாத்தேன், இல்ல. இன்னொரு நாள் இருந்துச்சு. இருக்கா, போயிருச்சான்னு பாக்கணும்ல? அதான்."

"எத்தனை நாளா?"

"போஸ்டர் ஒட்டுனீங்களே, அதுக்கு முன்னாடியே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா புள்ள?"

"சொன்னா நீங்க ஊருக்கே போஸ்டர் அடிப்பீங்க."

அது நியாயம்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"அவன் போன்ல தினமும் கேக்குறான். நீங்க தினமும் என் மொகத்தையே பாக்குறீங்க. ரெண்டு பேருக்கும் இல்லன்னு சொல்லி எனக்குப் பழகிப் போச்சு. இருக்குன்னு சொல்லிட்டு, மறுபடி இல்லன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

அவளுடைய கையை எடுத்து என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். தேயிலைச் சாயம் ஏறிய விரல்கள். அவற்றில் எனக்கே லேசாக இஞ்சி வாசம் வந்தது. என்னுடைய மூக்குக்கே வந்தது என்றால் நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

"இருக்கு" என்றேன்.

"இருக்குல்ல?" என்றாள்.

அன்றைக்கே மண்ணை விலக்கி, கிழங்கில் ஒரு துண்டை உடைத்துக் கழுவி அவளிடம் கொடுத்தேன். இலையைவிட அதில் வாசம் அதிகம். மோந்து பார்க்க அது, கிள்ளுவதற்கு மலை முழுக்கத் தேயிலை. மீதமிருந்த தண்டுகளில் இன்னும் நுனி போகாதது ஒன்றே ஒன்றுதான், சுவரை ஒட்டி ஓரமாக நின்றது. அதை மட்டும் விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டோம். நான் ஊருக்குச் சொல்லக்கூடாது, அவள் கிள்ளக்கூடாது. எனக்குத்தான் கஷ்டமான பங்கு கிடைத்தது. பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அவளும் பாவம். பின்பக்கம் போகும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு போவாள். சில நேரம் அந்தத் தண்டைக் கடந்த பிறகு திரும்பிப் பார்ப்பாள், கிள்ளாமல் விட்ட ஒன்று முதுகுக்குப் பின்னால் நிற்பது தொந்தரவாக இருக்கிற மாதிரி. தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. மழையில் அந்தத் தண்டு என்னைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, கூரைத் தகரத்தை எட்டிப் பார்த்தது. ஒரு நாள் நுனியில் பச்சையாகக் கதிர் தெரிந்தது. செதில் செதிலாக, சின்னச் சோளப்பொத்தி மாதிரி.

அடுத்து வந்த ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. அவள் மலையிலிருந்து நனைந்துபோய் வந்து, உலை வைத்து அரிசி போட்டாள்.

"சோத்தைப் பாத்துக்கங்க. நான் குளிச்சிட்டு வாறேன்."

"பாத்துக்குறேன்."

அடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினேன். கதிரின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. ஈரக் கைக்குட்டையை யாரோ மெதுவாக உதறுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் விரிந்தது. நான் எழுந்து ஓடினேன்.

"புள்ள! இங்க வா! சீக்கிரம் வா!"

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அந்தச் சந்தின் மங்கலில் அந்தப் பூ மட்டும் தனியாக வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. நான் தண்டைப் பிடித்து வளைக்கப் போனேன்.

"தொடாதீங்க, ஒடிச்சிருவீங்க" என்று, குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நின்றாள்.

எனக்கு அவளுடைய முகம் தெரியவில்லை, தாடை மட்டும்தான் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று, இந்த முறையாவது உற்றுப் பார்க்காமல் இருந்தேன். தோளில் இருந்த அவள் கை இறுகியது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. விடுகிற சத்தம் கேட்கவில்லை.

"என்னா?" என்றேன்.

"கருகின வாசம்."

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இதுதான் நான் தைரியம் சொல்ல வேண்டிய நேரம் என்று பேச ஆரம்பித்தேன்.

"அது பரவால்ல புள்ள. டாக்டர் சொன்னாங்கல்ல, வரும்போது கோணலாத்தான் வரும்னு? பூ வாசம் கருகின மாதிரி தெரியுதுன்னா நரம்பு வேல செய்யத் தொடங்கிருச்சுன்னு அர்த்தம். நாம பொறுமையா..."

"ஏங்க..."

"நீ பயப்படாத. கொஞ்சம் கொஞ்சமா அதுவே நேராகிரும். இன்னைக்கு கருகின மாதிரி இருக்கும், நாளைக்கு..."

"ஐயோ, பூ இல்லங்க! சோறு! அடிப்பிடிக்குது!"

என் தோளை ஊன்றிக் குதித்து, வாளி ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமுமாக ஓடினாள். நான் அங்கேயே நின்றேன். மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. பூ வாசம் மட்டும்தான் வந்தது.

உள்ளே போனபோது பானையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். புகைகூடச் சரியாக வரத் தொடங்கவில்லை. அப்போதுதான் வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, என்னமோ கருகுற மாதிரி..."

"தெரியும் தங்கச்சி" என்றாள் என் மனைவி. குரல் பாதியில் உடைந்துவிட்டது. திரும்பச் சொன்னாள். "எனக்குத் தெரியும்."

அந்தப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை எடுத்துப் பானையின் அடியைச் சுரண்டினேன். எனக்கு ஒரு திட்டு விழுந்தது.

"ஒரு பானைச் சோத்தைப் பாத்துக்க முடியல உங்களால! மூக்குன்னு ஒன்னு எதுக்கு வச்சிருக்கீங்க?"

இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை. அடிப்பிடித்த சோற்றை, கருகிய பகுதியை ஒதுக்காமல், பருப்போடு பிசைந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டதும் அவள் திரும்பவும் பின்பக்கம் போனாள். வாளியைக் கவிழ்த்துப் போடுகிற சத்தம் கேட்டது. நான் போய்த் தோளைக் கொடுத்தேன். இந்த முறை ரொம்ப நேரம் நின்றாள்.

"பூவு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா தூரத்துல. வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்குற மாதிரி."

"நடந்து போயிரலாம்ல?"

"போயிரலாம்."

உள்ளே போன் அடித்தது. மகன். அவள் வாளியிலிருந்து இறங்கி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். அவன் வழக்கமான கேள்வியைக் கேட்பது எனக்கும் கேட்டது. இன்னைக்கு ஏதாவது தெரிஞ்சிச்சாம்மா? அவள் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்கப்பா சோத்தைக் கருக்கிட்டாருப்பா" என்றாள்.

அவன் குரல் மெதுவாக வந்தது.

"எப்பிடிம்மா தெரிஞ்சிச்சு?"